புல்லுக்குள் சிங்கம் இருக்கலாம்

சென்ற மாதம் ஒரு தமிழ் வாக்கியத்தைச் சரிபார்த்துத் தரும்படி எனக்கு அனுப்பியிருந்தார்கள். அனுப்பியது நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பயண முகவர் நிலையம். வாக்கியம் இதுதான்: "ஆப்பிரிக்கக் காட்டின் பசுமையான கோடைகாலத்தில் சிங்கங்களை மிக அருகில் கண்டு மகிழ்வீர்கள்."

இதை எழுதியது மனிதர் இல்லை. இப்போது அங்கே ஒரு மென்பொருள் பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் விளம்பரம் எழுதித் தள்ளுகிறதாம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. நான் கண்ணாடி போட்டு ஒருமுறையும் போடாமல் ஒருமுறையும் வாசித்தேன். 'ஆப்பிரிக்கக் காட்டின்' என்பதை விட்டால் மிச்சமெல்லாம் வில்லங்கம்.

முதலில் அந்தக் கோடைகாலம். ஆப்பிரிக்காவின் தென்பாதியில் சம்மர் என்றால் மழை. நாங்கள் மொன்றியலில் பனி வழித்துக்கொண்டிருக்கும் டிசம்பர், ஜனவரி, பெப்ரவரியில்தான் அங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். எங்கள் மட்டக்களப்பிலும் கிட்டத்தட்ட அதே மாதங்களில்தான் மாரி. அதைப் போய்க் கோடை என்று எழுதினால் தமிழ் வாசிக்கிற சனம் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போய் இறங்கி முழங்கால் சேற்றில் நிற்கும். அடுத்தது 'கண்டு'. அதைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதப்போகிறேன்.

வாக்கியத்துக்குக் கீழே, அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளை இன்னொன்றும் கேட்டிருந்தாள். மழைக்காலக் காட்டுப் பயணத்தை எப்படி விற்பது என்று நான் எழுதித் தர முடியுமா என்று. விற்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. விற்காமல் விடுவது எப்படி என்று கொஞ்சம் தெரியும். அதை வேண்டுமானால் சொல்கிறேன்.

நான் மொன்றியலுக்கு வந்த கதையை இங்கே நீட்டவில்லை. எல்லோருடைய கதையும்தான்: பனிச்சப்பாத்து, பிரெஞ்சு வகுப்பு, ஒரு தொழிற்சாலை, அதை மூடியதும் இன்னொரு தொழிற்சாலை. பிறகு நகரின் வில்லரேப் பகுதியில், 'தெப்பனர்' என்று இங்கே சொல்லும் மூலைக்கடை ஒன்றின் மேல்மாடியில், தொலைபேசி எடுக்க ஆள் வேண்டும் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். ஏறிப் போனேன். அந்தப் படிகளில் ஏறி இறங்கியே நரைத்தேன்.

உரிமையாளர் மதாம் லூசில். பெரிய உடம்பு, சின்னக் குரல். கோபம் வந்தால் அந்தக் குரல் இன்னும் சின்னதாகும். ஒன்றுமே கேட்காவிட்டால் வேலை போய்விட்டது என்று அர்த்தம் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். ஆப்பிரிக்கக் காடுகளுக்குச் சின்னக் குழுக்களை அனுப்புவதுதான் நிலையத்தின் முக்கிய வேலை. சில வருடங்களில் குழுவுக்குத் துணையாக என்னையும் அனுப்பத் தொடங்கினார். மழையில் முகம் சுளிக்காதவர் என்று என்னைத் தெரிவு செய்தாராம். மாரியில் வயல் வரப்பில் நடந்தவளுக்கு அதென்ன பெரிய தகுதி என்று நான் சொல்லவில்லை. சம்பளத்தோடு ஆப்பிரிக்கா என்றால் யார் வாய் திறப்பார்கள்?

வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும் மதாம் முதலில் விலை சொல்லமாட்டார். மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து வைப்பார். இரண்டும் ஒரே இடம், ஒரே ஆற்றங்கரை, ஒரே மரம். முதல் படம் செப்டெம்பரில் எடுத்தது. காய்ந்த தரை, வற்றிய ஆறு, மிஞ்சிய தண்ணீரைச் சுற்றி யானை, மான், எருமை எல்லாம் நெரிசலாக நிற்கும். இரண்டாவது பெப்ரவரியில் எடுத்தது. அதில் ஆள் உயரப் புல் மட்டும். வேறொன்றும் இல்லை.

"இதில் என்ன தெரிகிறது?" என்று இரண்டாவது படத்தைத் தொட்டுக் கேட்பார். ஒன்றுமில்லை என்று சொல்பவரிடம், அப்படியானால் செப்டெம்பரில் போங்கள், மழைக்காலம் மலிவு என்பதற்காகப் போகவேண்டாம் என்பார். புல் தெரிகிறது என்று சொல்பவருக்கு மட்டும் பயணக் கோப்பைத் திறப்பார். மழையில் காடு எங்கும் தண்ணீர் கிடக்கும், மிருகங்கள் ஆற்றுக்கு வரத் தேவையில்லை, எங்கும் சிதறிப்போகும், பக்கத்தில் நின்றாலும் புல் மறைத்துவிடும் என்று பொறுமையாகச் சொல்வார். குட்டி போடும் காலம், பறவைகள் வரும் காலம், இடிமின்னல் பார்க்கிற காலம் என்பதும் சொல்வார். ஆனால் கடைசியாகத்தான் சொல்வார்.

அதற்குப் பிறகுதான் மற்றது. மடக்கி அமுக்கக்கூடிய துணிப்பை மட்டும், ஏனென்றால் சின்ன விமானத்தில் பெட்டி ஏறாது. நீலமும் கறுப்பும் உடுக்கக்கூடாது, கடிக்கிற ஈ ஒன்றுக்கு அந்த நிறங்களில் மோகம். மலேரியாக் குளிசையை ஊர் திரும்பிய பிறகும் நிறுத்தக்கூடாது. ஜீப்பில் எழும்பி நிற்கக்கூடாது. இதையெல்லாம் நான் தமிழர்களுக்குத் தமிழில் சொல்வேன். எங்கள் சனம் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் பெரிய பெட்டியோடு நீலச் சட்டையில் விமான நிலையத்துக்கு வரும்.

அலுவலகத்தில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. பிரெஞ்சில் 'ஓன் வெரா' என்பார்கள். பார்ப்போம் என்று அர்த்தம். சிங்கம் பார்ப்போமா என்று ஒருவர் கேட்கும்போது, தெரியாது என்ற கருத்தில் நாம் பார்ப்போம் என்போம். அவர் வீட்டுக்குப் போய், பார்ப்போமாம் என்று சொல்லிவிடுவார். அந்தச் சொல்லால் தனக்கு வந்த சண்டைகள் போதும் என்பார் மதாம். தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லவேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள், "தெரியாது என்று சொல்லப் பழகு. இந்தக் கடையில் விற்பதே அதுதான்" என்றார். தமிழில் தடை போட அவருக்குத் தமிழ் தெரியாது.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் வித்யா தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வித்யா நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் ஒரு மருந்தாளுநர், நாற்பது வயதிருக்கும். அப்பா சௌந்தரராஜன் சென்னைக்காரர், பாலங்கள் கட்டும் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு, ஆற்றுக்கு நடுவே தீவாக இருக்கும் இல்-பிசாரில் தனி வீட்டில் இருந்தார். நான் அவரை ஐயா என்பேன். அவர் என்னை ரீட்டாம்மா என்பார்.

மதாம் வழக்கம்போல இரண்டாவது படத்தை நகர்த்தி வைத்தார். ஐயா அதைக் கையில் எடுத்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். படம் ஒரு பக்கம், அவர் பார்வை மறுபக்கம். என்ன இது, மரியாதை இல்லாமல் என்று எனக்குச் சுருக்கென்றது.

"புல்லு. நடுவுல ஒரு ஓட்டை" என்றார் அவர்.

ஓட்டை படத்தில் இல்லை. வித்யாதான் சொன்னாள். அப்பாவுக்குக் கண்ணின் உள்திரையில் நோய். நடுப்பார்வை போய்விட்டது. எதை நேராகப் பார்த்தாலும் அது காணாமல் போகும், ஓரத்தால்தான் கொஞ்சம் தெரிகிறது. அந்த ஓரமும் மெல்ல மங்கும், அடுத்த இலையுதிர் காலம்வரை தாங்கும் என்று சொல்லமுடியாது என்று கண் மருத்துவர் சொல்லியிருக்கிறார். காட்டில் சிங்கம் பார்க்கவேண்டும் என்பது ஐயாவுக்கு நெடுநாள் ஆசை. முதலில் வேலை, பிறகு பிள்ளை படிப்பு, பிறகு மனைவியின் நோய் என்று தள்ளித் தள்ளிப் போட்டது. செப்டெம்பர்வரை காத்திருக்க வழி இல்லை. பெப்ரவரிதான்.

மதாம் இரண்டு படங்களையும் இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு எல்லோருக்கும் சொல்வதையெல்லாம் இவர்களுக்கும் சொன்னார், இரண்டு மடங்கு நிதானமாக. சிங்கத்தைக் காணாமலே திரும்பி வரலாம், அதற்கே அதிக வாய்ப்பு என்றும் சொன்னார். ஐயா தலையசைத்தார். வித்யாவும் தலையசைத்தாள், அவள் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

படியிறங்கும்போது ஐயா கைப்பிடியைத் தடவிக்கொண்டு முன்னால் போய்விட்டார். வித்யா பின்தங்கி என் கையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, நிஜமாச் சொல்லுங்க. லயன் பார்ப்போமா?" என்றாள்.

"பாப்பம் மகள். அங்க போய்த்தான் தெரியும்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் 'பாப்பம்' என்றால் கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்று அர்த்தம். கடைக்காரன் சொன்னாலும், கலியாணத் தரகர் சொன்னாலும் நாங்கள் அப்படித்தான் எடுப்போம். வித்யா அந்த முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் படியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

இது எனக்கு விமானத்தில்தான் தெரியவந்தது. "பார்ப்போம்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே, ரீட்டாம்மா. வித்யா அன்னிக்குக் கார்லயே எனக்கு வாக்குக் குடுத்துட்டா" என்றார் ஐயா. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குத் தெரியாது என்றுதான் பொருள் என்று விளக்கினேன். அவர் சிரித்தார். "எங்க ஊர்லயும் கவர்ன்மென்ட் ஆபீஸ்ல சொன்னா அதான் அர்த்தம். டிராவல் ஏஜென்ட் சொன்னா வேற" என்றார். அவருக்கு விளங்கிவிட்டது, கோபமும் இல்லை. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த வித்யாவுக்குத்தான் விளங்கவில்லை. அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தவள் அவள்.

நாங்கள் போனது சாம்பியா நாட்டில், ஓர் ஆற்றங்கரை முகாம். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்து முகாம்களில் பாதி மூடிவிடும், இது திறந்திருக்கும். ஆறு பால்தேநீர் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற கியூபெக் ஆசிரியர்கள் நான்கு பேரும் இருந்தார்கள், பறவை பார்க்க வந்தவர்கள். அவர்களுக்கு ஒரு ஜீப். ஐயா, வித்யா, நான் மூவருக்கும் இன்னொன்று. எங்கள் வழிகாட்டி ஜோசப், அந்த ஊர்க்காரர், மெல்லப் பேசுபவர்.

விடிந்ததும் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஏறுவோம். கறுப்புக் களிமண் பாதை. சக்கரம் போகிற பக்கம் ஒன்று, வண்டி போகிற பக்கம் இன்னொன்று. இரண்டு பக்கமும் புல், ஜீப்பின் கதவைவிட உயரம். மரங்களெல்லாம் இலை தள்ளி நின்றன. மான்குட்டிகள் பாதையில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் புல்லுக்குள் புகுந்தால் அடுத்த கணம் அவை இல்லை. ஜோசப் ஓர் இடத்தில் இறங்கி, சேற்றில் சிங்கத்தின் தடத்தைக் காட்டினார். மழைத்துளி விழுந்து கலையாத புதுத் தடம். எங்கே என்று கேட்டதற்குப் புல்வெளியை நோக்கிக் கையை ஒரு முழு வட்டம் சுற்றினார்.

வித்யா ஒவ்வொரு பயணத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு புல்லையே பார்ப்பாள். ஐயாவுக்கு அந்தப் பதற்றம் இல்லை. ஒருநாள் சக்கரம் புதைந்து, ஜோசப் பலகை போட்டுக்கொண்டிருந்த நேரம், அவர் குனிந்து தரையிலிருந்து எதையோ பொறுக்கினார். உள்ளங்கையில் சிவப்பாக, வெல்வெட் துண்டுபோல ஒரு பூச்சி.

"பட்டுப்பூச்சி" என்றார்.

"தம்பளப்பூச்சி" என்றேன் நான்.

எங்கள் இருவர் ஊரிலும் மழை விழுந்தால் மண்ணிலிருந்து வரும் அதே பூச்சி. எங்களில் யார் சொன்ன பெயர் சரி என்று கொஞ்ச நேரம் வாதாடினோம். அவர் கையை முகத்துக்கு நேரே பிடிக்காமல், காதோரம் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நேரா வச்சா காணாமப் போயிடுது. தள்ளி வச்சா இருக்கு" என்றார். வித்யாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் எட்டிப் பார்த்து, அழகா இருக்குப்பா என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் புல்லுக்குப் போய்விட்டாள்.

கடைசிக்கு முந்தின நாள் மதியச் சாப்பாட்டில்தான் எல்லாம் குழம்பியது. ஆசிரியர்கள் நான்கு பேரும் சிவந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். அன்று காலை, ஏதோ ஒரு மீன்கொத்தியைத் தேடிப் போன வழியில், பாதை நடுவிலேயே சிங்கம். ஆண் சிங்கம், நனைந்த பிடரியோடு. எழுந்து, உடம்பை உதறிவிட்டுப் போனதாம். அவர்கள் சொல்லி முடிக்குமுன் வித்யா எழுந்து போய்விட்டாள். ஐயா மட்டும், உதறும்போது சத்தம் கேட்டதா, எவ்வளவு தூரம் தெறித்தது என்று ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் தேடிப் போனேன். அவள் ஆற்றைப் பார்த்த கூரைத் தாழ்வாரத்தில் நின்றிருந்தாள். மழை கூரையிலிருந்து கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, நாளைக்குக் கடைசி டிரைவ். புல்லுல எங்கேயாவது கையக் காட்டி, அதோ சிங்கம்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா அப்பா நம்புவார். அவருக்கு எப்படியும் சரியாத் தெரியாது. பார்த்துட்டோம்னு நினைச்சுக்கிட்டு ஊருக்கு வரட்டும்."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அவள் கேட்டது ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் ஒரு மனிதர் நிறைந்த மனதோடு வீடு திரும்புவார், ஒரு மகள் நிம்மதியாகத் தூங்குவாள். மதாம் இருப்பதோ கடலுக்கு அப்பால். ஆனாலும் அந்த மனிதர் பூச்சியைக் காதோரம் வைத்துப் பார்த்த விதம் என் கண்ணுக்குள் நின்றது. உண்மையாகப் பார்க்கவேண்டும் என்று அவ்வளவு பாடுபடுகிறவரிடம் பொய்யைப் பார்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான் சொல்லமாட்டன் மகள்" என்றேன்.

"அப்போ நான் சொல்றேன். நீங்க பேசாம இருந்தாப் போதும்."

அதற்கு நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். நான் அறைக்குப் போய் ஈரக் கால்சட்டைகளை விரித்துப் போட்டேன். அதைவிட வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

மறுநாள் காலை தூறல்தான். தடம்கூட இல்லை. திரும்பும் வழியில், புல்வெளி கொஞ்சம் தாழ்ந்த ஓரிடத்தில் வித்யா ஜோசப்பின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். இடதுபக்கம் புல்லுக்குமேல் பழுப்பாக ஏதோ தலைநீட்டிக்கொண்டிருந்தது. கறையான் புற்று. எனக்கு அது முதல் பார்வையிலேயே தெரிந்தது, அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

"அப்பா, லெஃப்ட்ல பாருங்க. சிங்கம்" என்றாள். குரல் நடுங்கியது. அது அவசரத்தில் நடுங்குகிற மாதிரித்தான் இருந்தது.

ஜோசப்புக்குத் தமிழ் தெரியாது. அவள் கை போன பக்கம் பார்த்தார், புற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வித்யா எதைக் கண்டாள் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். வழிகாட்டி கேட்டால் பதில் சொல்லவேண்டியது என் வேலை.

அதற்குள் ஐயா முகத்தைத் திருப்பினார். இடதுபக்கம் இருப்பதைப் பார்க்க அவர் வலதுபக்கம் திரும்பவேண்டும். மகள் காட்டியதிலிருந்து முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, அசையாமல், கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். வித்யா அவரையே பார்த்தாள். நானும்.

"பழுப்பா இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அசையலையே" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "அது புத்தும்மா" என்றார்.

அவர் முகம் இன்னும் வலதுபக்கமே இருந்தது. திடீரென்று அதே பக்கம் கையை நீட்டினார். "இந்தப் பக்கம் பாருங்க. காத்து இல்லாமப் புல்லு அசையுது. குச்சி குச்சியா என்னமோ ஓடுது."

நாங்கள் மூவரும் திரும்பினோம். புல்லுக்குமேல் சின்னச் சின்ன வால்கள், நட்டுக்குத்தாக நிமிர்ந்து, வரிசையாக ஓடின. ஜோசப் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பன்றிகள். முகமெல்லாம் மருவும், வளைந்த பல்லுமாக இருக்கும் ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி. புல் உயர்ந்த காலத்தில் குட்டிகள் வழி தவறாமலிருக்க அவை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் என்று ஜோசப் சொன்னார். தாய் ஒருகணம் பாதையில் ஏறி, எங்களை முறைத்துவிட்டு, பிள்ளைகளோடு மறுபக்கம் இறங்கிப் போனது. நேராகப் புல்லையே முறைத்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அது முதலில் தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் வித்யா அழுதாள். மறைக்கவில்லை. ஐயா அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"நான் உன்னைத் திட்டலை. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. இந்த ஓரமும் கொஞ்ச நாள்ல போயிடும். அப்புறம் நீ என்ன சொல்றியோ அதான் எனக்குக் கண்ணு. சிங்கம் இல்லாத இடத்துல இருக்குன்னு இன்னிக்குச் சொல்லிட்டேன்னா, நாளைக்கு ரோட்டுல வண்டி வரலைப்பான்னு நீ சொல்லும்போது நான் எதை நம்பிக் கால் எடுத்து வைப்பேன்?"

அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மழைக்கோட்டுத் துணி சரசரத்தது.

"பன்னின்னா பன்னின்னே சொல்லு. எனக்குப் போதும்" என்றார் ஐயா.

என்ன நடந்தது என்று ஜோசப் மெல்லக் கேட்டார். ஐயா பன்றியைக் கண்டுபிடித்துவிட்டார் என்றேன். அதை நானும் பார்த்தேன் என்றார் அவர், கொஞ்சம் குழம்பி. பிறகு வண்டியை எடுத்தார்.

முகாம்வரை வித்யா பேசிக்கொண்டே வந்தாள். வலதுபக்கம் மரம், பெயர் தெரியவில்லை, அடிமரம் எங்கள் ஜீப்பைவிடப் பருமன். இடதுபக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிறது, அதில் வானம் தெரிகிறது, வானம் சாம்பல் நிறம். இப்போது ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. ஐயா, சாம்பல் என்றால் எந்தச் சாம்பல், விபூதியா அடுப்புச் சாம்பலா என்று கேட்டார். அவள் யோசித்து, விபூதியில் தண்ணீர் பட்ட மாதிரி என்றாள். அத்தனை நாளில் அவள் அந்தக் காட்டைப் பார்த்தது அன்றுதான் என்று எனக்குப் பட்டது.

திரும்பி வந்து மதாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, உங்கள் மொழியில் அந்தச் சொல் என்ன என்றார். பாப்பம் என்றேன். இரண்டு முறை சொல்லிப் பழகினார், 'பாபாம்' என்றுதான் வந்தது. "அதற்கும் இன்றிலிருந்து தடை" என்றார். குரல் மிகச் சின்னதாக இருந்தது, ஆனால் அது கோபம் இல்லை. இரண்டாவது படத்தை வெளியே எடுத்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கடைக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

மதாம் இப்போது இல்லை. நிலையத்தை அவருடைய மருமகள் நடத்துகிறார். அவர்கள் அனுப்பிய வாக்கியத்தை நான் இப்படித் திருத்தி அனுப்பினேன்: "இது அங்கே மழைக்காலம். புல் ஆள் உயரம் இருக்கும். புல்லுக்குள் சிங்கம் இருக்கலாம். நீங்கள் அதைக் காணாமலும் திரும்பலாம்." உண்மைதான், ஆனால் இதைப் படித்து யார் பணம் கட்டுவார்கள் என்று அந்தத் தமிழ்ப் பிள்ளை பதில் எழுதியிருந்தாள். நியாயமான கேள்விதான். பன்றியைப் பார்த்தாலும் சந்தோஷப்படக்கூடியவர்கள் கட்டுவார்கள் என்று எழுதலாம் என்றிருந்தேன். எழுதினால் கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று நினைப்பாள். அதனால்தான் இந்தக் கதை முழுவதையும் எழுதவேண்டியதாயிற்று.

இன்னும் ஒன்று. இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வித்யா என்னை இல்-பிசாருக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அவள் இப்போது அப்பாவோடு அங்கேயே இருக்கிறாள். ஐயாவுக்கு வெளிச்சமும் இருட்டும் பிரித்துத் தெரியும், அவ்வளவுதான். சாம்பாரில் உப்புக் குறைவு என்று மகளைச் சீண்டினார். சிங்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று வித்யா எவ்வளவோ சொன்னாள். பஸ் இருக்கும்போது எதற்கு என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அந்தத் தீவில் பஸ் குறைவு என்பதை மறந்துவிட்டேன்.

இருவரும் தரிப்பிடம்வரை வந்தார்கள். பனி தூறிக்கொண்டிருந்தது. ஐயா வித்யாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, என்னை ஏற்றிவிட்டுத்தான் போவேன் என்று தெரு விளிம்பில் நின்றார். தூரத்தில் இயந்திரச் சத்தம் கேட்டது. பனிக்குள் இரண்டு விளக்குகள். எனக்குப் பஸ் என்றேதான் பட்டது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"பஸ்ஸாம்மா?" என்றார் ஐயா, ஒரு காலை முன்னால் வைத்து.

வித்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். விளக்குகளுக்குமேல் மஞ்சளாக ஒன்று சுழன்றது. பனி வழிக்கும் வண்டி, பனியைக் கரையோரம் வாரி எறிந்துகொண்டு வந்தது.

"பன்னிப்பா" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே முன்வைத்த காலை எடுத்து, ஓரடி பின்னால் வந்து நின்றார்.